பழைய ஹாலிவுட் திகில் மர்மம்: நான்கு படங்களில் எதை முதலில் பார்ப்பது?

1920களின் கடைசியிலும் 1930களின் தொடக்கத்திலும் ஹாலிவுட்டில் வந்த திகில் மர்மப் படங்களைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்பதில்தான் குழப்பம். பட்டியல் கேட்டால் இருபது முப்பது பெயர்கள் கிடைத்துவிடும், ஆனால் புதிதாக வருபவருக்குப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. முதல் படம் சரியாக அமையாவிட்டால் "பழைய படம் என்றாலே இழுவை" என்று முடிவுகட்டிவிட்டு அந்தப் பக்கமே அப்புறம் திரும்ப மாட்டார்கள். ஒரு மாலை, ஒரு படம். அதற்குள் மனசு ஒட்ட வேண்டும்.

நான் பார்த்தவரை போட்டி நான்கு படங்களுக்கு நடுவில்தான். 1927இல் வந்த 'தி கேட் அண்ட் தி கேனரி', 1930இல் வந்த 'தி பேட் விஸ்பர்ஸ்', 1932இல் வந்த 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்', 1933இல் வந்த 'மிஸ்ட்ரி ஆஃப் தி வாக்ஸ் மியூசியம்'. எதன் முடிவையும் இங்கே உடைக்கப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் ஏன் இந்த வரிசையில் இல்லை என்று கேட்கலாம். அவை 1931இல் வந்தவை, அவற்றின் புகழுக்குக் குறைவே இல்லை. ஆனால் அங்கே அரக்கன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரியும். நாம் பேசும் வகையில் அது தெரியாது, அதுதான் இதன் ருசி. 1931 பிப்ரவரியில் டிராகுலா வரும்வரை, நிஜமான பேயை அப்படியே நம்பச் சொல்ல அமெரிக்கப் படக்காரர்கள் தயங்கினார்கள். பேய் மாதிரி ஒன்று அலையும், கடைசியில் அது யாரோ ஒரு மனிதன் போட்ட வேஷமாக இருக்கும். இந்தப் பழக்கம் நியூயார்க் மேடையிலிருந்து வந்தது. 1920களில் பிராட்வேயில் ஒரே வீடு, ஒரே இரவு, ஓர் உயில் அல்லது ஒளித்து வைத்த பணம், ஒருவரையொருவர் சந்தேகிக்கும் ஏழெட்டுப் பேர், சுவருக்குள் ரகசிய வழி என்று நாடகங்கள் ஓட்டமாக ஓடின. பார்க்க வந்தவர்களுக்கு ஒரே டிக்கெட்டில் நடுக்கம், சிரிப்பு, 'யார் அது' என்ற புதிர் மூன்றும் கிடைத்தன. ஸ்டூடியோக்கள் அந்த நாடகங்களைப் போட்டி போட்டு வாங்கின.

இப்போது திகில் தனி, துப்பறிதல் தனி, நகைச்சுவை தனி என்று பிரித்து வைத்துவிட்டோம். அன்றைக்கு அந்த வேலிகள் போடப்படவில்லை. ஒரே நிமிடத்தில் சிரித்துக்கொண்டே முதுகு சில்லிட முடிந்தது. அதோடு, சினிமாவின் கருவிகளே அந்த ஆறேழு ஆண்டுகளில் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தன. மௌனப் படம் உச்சத்தில் இருந்தபோதே ஒலி வந்தது. ஒலி வந்த வேகத்திலேயே அகலத்திரையை முயன்று பார்த்தார்கள், வண்ணத்தையும் முயன்று பார்த்தார்கள். இந்த நான்கு படங்களும் ஆளுக்கொரு திருப்பத்தில் நிற்கின்றன. இருட்டான ஒரு வீட்டைப் படமாக்குவது எப்படி என்று நான்கு பேர் நான்கு விதமாக யோசித்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் படங்கள் இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம் அதுதான், ஒப்பிடுவதற்கான அளவுகோலும் அதுவே.

தி கேட் அண்ட் தி கேனரி

இது மௌனப் படம். பலரும் ஒதுக்குவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஜான் வில்லர்ட் எழுதி 1922இல் மேடையேறிய நாடகம் மூலக்கதை. சைரஸ் வெஸ்ட் என்ற பணக்காரக் கிழவர் ஹட்சன் நதியைப் பார்த்தபடி நிற்கும் மாளிகையில் இறந்துபோகிறார். உயிலை 20 ஆண்டுகள் கழித்து, அதே இரவில்தான் பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. சொத்துக்கு வாய் பிளந்து நிற்கும் உறவினர்கள் அத்தனை பேரும் நள்ளிரவில் கூடுகிறார்கள். சொத்து அன்னபெல் என்ற இளம்பெண்ணுக்குப் போகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது உறையில் இருக்கும் பெயருக்குச் சொத்து போய்விடும். அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அதே நேரத்தில் காவலாளி ஒருவன் வந்து, மனநோய் விடுதியிலிருந்து ஆபத்தான ஒருவன் தப்பிவிட்டான் என்கிறான். அவளைப் பைத்தியமாக்க யாருக்கு ஆதாயம்? கதையின் முடிச்சு மொத்தமும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. நூறாண்டு ஆகப்போகும் கதை, ஆனாலும் முடிச்சு அவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது.

இயக்கியவர் பால் லெனி, ஜெர்மனிக்காரர். அரங்க வடிவமைப்பாளராகத் தொடங்கி, 1924இல் அங்கே மெழுகு பொம்மைகளை வைத்து ஒரு திகில் படம் எடுத்தவர். அதைப் பார்த்துத்தான் யுனிவர்சல் தலைவர் கார்ல் லெம்லே அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். ஜெர்மன் சினிமாவின் கோணலான நிழல்களையும் அமெரிக்க மேடையின் கலகலப்பையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் என்ன கிடைக்குமோ அதுதான் இந்தப் படம்.

தொடக்கத்திலேயே அது தெரிந்துவிடும். ஒரு கை வந்து ஒட்டடையைத் துடைக்கத் துடைக்கப் படத்தின் பெயர் வெளிப்படுகிறது. அடுத்து, நோயாளிக் கிழவர் ராட்சத மருந்துப் புட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருக்க, மலைபோன்ற பூனைகள் அவரைச் சுற்றி நின்று பாய்கின்றன. உறவினர்கள் அவரை எப்படிப் பிடுங்கித் தின்றார்கள் என்பதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. வீட்டின் நீண்ட நடையில் வரிசையாக ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் திரை காற்றில் உப்பி எழுகிறது. கேமரா அந்த நடையில் தானே ஓர் ஆளைப் போல நகர்ந்து போகிறது. பயந்தவர் கத்தும்போது, வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டையில் எழுத்துகளே நடுங்குகின்றன, பெருக்கின்றன. ஒலி இல்லாத படத்தில் குரலை எழுத்தால் கேட்க வைத்திருக்கிறார் லெனி. அன்னபெல் தூங்கும்போது தலைமாட்டுச் சுவரில் ஒரு பலகை மெதுவாகத் திறந்து, நீண்ட நகங்களுள்ள ஒரு கை வெளியே வரும் காட்சி இருக்கிறதே, பிறகு வந்த எத்தனையோ படங்கள் அதைக் கடன் வாங்கியிருக்கின்றன. மூலத்தைப் பார்க்கும்போதும் அது பழசாகத் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பயந்தாங்கொள்ளிக் கதாநாயகனாக வரும் கிரெய்டன் ஹேலின் கோமாளித்தனம் சில இடங்களில் நீளம். மனநோயாளி என்றாலே ஆபத்து என்று காட்டுவது அந்தக் காலத்து மேடையிலிருந்து வந்த வழக்கம். இன்று அது உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனால் கதாநாயகி லாரா லா பிளான்ட் வெறுமனே அலறும் பொம்மையாக இல்லை. தன்னைச் சுற்றி நடப்பதை நம்புவதா, தன் மூளையைச் சந்தேகிப்பதா என்று தவிக்கும் ஒரு பெண்ணாக நிற்கிறார்.

படம் வந்த அடுத்த மாதம், 1927 அக்டோபரில், 'தி ஜாஸ் சிங்கர்' வந்து பேசும் படக் காலம் தொடங்கியது. லெனி 1929இலேயே இரத்தம் நஞ்சாகி இறந்துபோனார். ஒலியோடு ஒரு படம் முழுமையாக எடுக்க அவருக்குக் காலம் அமைந்திருந்தால் ஹாலிவுட் திகில் படங்கள் வேறு பாதையில் போயிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். இதே கதையை 1930இல் யுனிவர்சல் பேசும் படமாக எடுத்தது, அது இன்று தொலைந்துபோன படம். மௌனப் படம் பிழைத்திருக்கிறது, பேசும் படம் இல்லை.

தி பேட் விஸ்பர்ஸ்

இதையும் மேடையிலிருந்து எடுத்தார்கள். மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட்டும் ஏவரி ஹாப்வுட்டும் சேர்ந்து எழுதி 1920இல் வந்து வெற்றிபெற்ற நாடகம். இயக்குநர் ரோலண்ட் வெஸ்ட் 1926இல் ஒருமுறை மௌனப் படமாக எடுத்துவிட்டு, 1930இல் ஒலியோடு மறுபடி எடுத்தார். வௌவால் வேஷத்தில் திருடும் ஒரு கொள்ளைக்காரன், வாடகைக்கு எடுத்த கிராமத்து மாளிகையில் தங்கும் ஒரு மூத்த சீமாட்டி, வங்கியிலிருந்து காணாமல்போன பணம், அந்த வீட்டுக்குள் ஒரு ரகசிய அறை. பேட்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான பாப் கேன் தன் கற்பனையைத் தூண்டியவற்றில் இந்தப் படத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்.

இதன் பெருமை கேமராவில் இருக்கிறது. படத்தை 65 மில்லிமீட்டர் அகலப் பிலிமில் எடுத்தார்கள், சாதாரண 35 மில்லிமீட்டரிலும் தனியாக எடுத்தார்கள். கட்டட உச்சியிலிருந்து தெருவுக்கு விர்ரென்று இறங்கும் காட்சியைச் சிறிய மாதிரிகளை வைத்து எடுத்திருக்கிறார்கள். இன்று ட்ரோனில் எடுத்தது மாதிரி இருக்கும். ஆனால் அப்போதுதான் ஒலிக் கருவிகளுக்குப் பணத்தைக் கொட்டியிருந்த தியேட்டர்காரர்கள், பொருளாதார மந்தம் வேறு சேர்ந்துகொள்ள, அகலத்திரைக்கு இன்னொரு செலவு செய்யத் தயாராக இல்லை. அந்த முயற்சி அப்படியே அடங்கியது. அடுத்த ஆண்டு ஒரு படம் எடுத்ததோடு ரோலண்ட் வெஸ்டும் இயக்கத்தை விட்டுவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், கேமரா பறந்து முடிந்ததும் நடிகர்கள் நின்ற இடத்தில் நின்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நாடக வசனம் அப்படியே நீள்கிறது. பணிப்பெண் லிஸ்ஸியின் அலறல் முதல் இரண்டு தடவை சிரிப்பு வரும், அப்புறம் பொறுமை போகும். படம் முடிந்த பிறகு திரைச்சீலை விழுந்து, நடிகர் செஸ்டர் மாரிஸ் மேடைக்கு வந்து வௌவால் யார் என்று வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறார். அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சினிமாவை விரும்பிப் படிப்பவர்களுக்கு இது பொக்கிஷம், முதல் முறை வருபவரின் கையில் இதைக் கொடுக்க மாட்டேன். கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக் காப்பகம் அகலத்திரை வடிவத்தை மீட்டெடுத்திருக்கிறது. பார்த்தால் அதில்தான் பார்க்க வேண்டும்.

தி ஓல்ட் டார்க் ஹவுஸ்

நான்கில் எது சிறந்த படம் என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். எது முதல் படம் என்பது வேறு கேள்வி.

ஜே.பி. பிரீஸ்ட்லி 1927இல் எழுதிய நாவலை வைத்து ஜேம்ஸ் வேல் இயக்கியது. ஃபிராங்கன்ஸ்டைன் எடுத்த அடுத்த ஆண்டே இது வந்தது. பிரிட்டனின் வேல்ஸ் மலைப்பகுதியில் பேய்மழை, மண்சரிவு. காரில் வந்த மூன்று பேர் வழியில்லாமல் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறப்பவன் மார்கன், வாய்பேசாத வேலைக்காரன். அது போரிஸ் கார்லாஃப். அவரா இவர் என்று யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக, ஃபிராங்கன்ஸ்டைனில் நடித்த அதே கார்லாஃப்தான் என்று படத்தின் தொடக்கத்தில் தயாரிப்பாளர் ஓர் அறிவிப்பே போட்டிருக்கிறார்.

உள்ளே ஃபெம் குடும்பம். அண்ணன் ஹொரஸ் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார், எல்லாவற்றையும் கேலி செய்கிறார். தங்கை ரெபெக்காவுக்குக் காது மந்தம், மதவெறி முற்றியவர். வந்தவர்கள் தங்க இடம் கேட்டால், படுக்கை கிடையாது, படுக்கை கிடையாது என்று கத்துகிறார். மாடியில் 102 வயதுத் தந்தை படுக்கையில் கிடக்கிறார். அதற்கும் மேல், பூட்டிய கதவுக்குப் பின்னால் இன்னொருவர். அந்தத் தந்தை வேடத்துக்குப் போதுமான முதுமை தெரியும் ஆண் நடிகர் கிடைக்காமல், எல்ஸ்பெத் டட்ஜன் என்ற நடிகைக்குத் தாடி ஒட்டி, பெயர்ப் பட்டியலில் ஜான் டட்ஜன் என்று போட்டுவிட்டார் வேல். பார்க்கும்போது அந்த முகத்தில் ஏதோ விலகலாக இருக்கிறதே என்று தோன்றுவது இதனால்தான்.

ரெபெக்காவும் காரில் வந்தவர்களில் ஒருத்தியான மார்கரெட்டும் படுக்கையறையில் இருக்கும் காட்சிக்காகவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மழையில் நனைந்த மார்கரெட் உடை மாற்றுகிறாள். கிழவி அந்த அறையில் இறந்த தன் அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறாள். கோணல் கண்ணாடியில் அவள் முகம் நீள்கிறது, உடைகிறது. மார்கரெட்டின் பட்டு உடையைத் தொட்டு, நல்ல துணி, ஆனால் இற்றுப்போகும் என்கிறாள். அடுத்து அவள் தோலில் கையை அழுத்தி, இது இன்னும் நல்லது, இதுவும் ஒருநாள் இற்றுப்போகும் என்கிறாள். ரத்தம் இல்லை, ரகசியக் கதவு இல்லை, முகமூடி இல்லை. ஒரு மூதாட்டியின் கை மட்டும்தான். படத்தில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை என்பதால் காற்றும் மழையும்தான் அந்தக் காட்சியின் இசை.

மார்கரெட்டாக நடித்த குளோரியா ஸ்டூவர்ட்டை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 65 ஆண்டுகள் கழித்து, 1997இல், டைட்டானிக் படத்தில் முதிய ரோஸாக வந்து கதை சொன்னவர் அவர்தான்.

இந்தப் படத்தில் நான் அதிகம் விரும்புவது, சாப்பாடு முடிந்து எல்லோரும் கணப்புப் பக்கம் உட்கார்ந்து பேசும் நீண்ட இடம். பின்னால் மழைக்கு ஒதுங்க வரும் சர் வில்லியமாக நடித்த சார்ல்ஸ் லாஃப்டன் முதலில் வெறும் சத்தக்காரப் பணக்காரராகத் தெரிகிறார். பெரிய மனிதர்கள் தன் மனைவியைக் கேவலப்படுத்தியதையும் அந்த வேதனையில் அவள் போய்ச் சேர்ந்ததையும் சொல்லும்போது ஆள் மாறிவிடுகிறார். காரில் வந்தவர்களில் இன்னொருவன், மெல்வின் டக்ளஸ் நடிக்கும் பெண்டரல், முதல் உலகப் போரிலிருந்து திரும்பி, எதிலும் பிடிப்பில்லாமல் அலைபவன். ஜேம்ஸ் வேலும் அந்தப் போரில் சண்டையிட்டு, ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். வெளியே மழை கொட்டும்போது உள்ளே இருப்பவர்கள் எதை இழந்தவர்கள் என்று தெரிந்துகொண்டால், பிறகு விளக்கு அணையும்போது அவர்களுக்காகப் பயப்படுகிறோம்.

இந்தப் படமே கைநழுவிப்போக இருந்தது. பல ஆண்டுகள் தொலைந்ததாகவே நினைத்தார்கள். வேலின் நண்பரான இயக்குநர் கர்டிஸ் ஹாரிங்டன் விடாமல் தேடி, 1968இல் யுனிவர்சலின் கிடங்கிலிருந்து அதை மீட்டார். 2017இல் 4கே தரத்தில் சுத்தம் செய்த பிரதி வந்தது. இன்று நாம் பார்க்கும் கன்னங்கரிய நிழல்களும் நெருப்பொளியும் அதனால் கிடைத்தவை.

அப்படியானால் ஏன் இதை முதலில் தரத் தயங்குகிறேன்? இதில் புதிர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யார் கொலையாளி என்று ஊகிக்கும் ஆட்டத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம் மிஞ்சும். நகைச்சுவை முழுவதும் பேச்சின் தொனியில் இருக்கிறது. ஹொரஸ் விருந்தாளியிடம் உருளைக்கிழங்கை நீட்டும் விதம், தங்கை அடுக்கி வைக்க எடுத்த பூக்களைத் தூக்கி நெருப்பில் போடும் அலட்சியம், இவற்றில் சிரிக்க அந்த ஆங்கிலேயப் பேச்சுவாக்கு காதில் ஏற வேண்டும். 1932இன் ஒலிப்பதிவில், இடி மழைக்கு நடுவில், வசன வரிகள் இல்லாமல் பாதிக்கு மேல் நழுவிவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மிஸ்ட்ரி ஆஃப் தி வாக்ஸ் மியூசியம்

கறுப்பு வெள்ளை என்றாலே முகம் சுளிக்கும் ஆட்கள் வீட்டில் இருந்தால் இந்தப் படத்தை எடுங்கள். இது வண்ணப் படம், ஆனால் நமக்குப் பழகிய வண்ணம் இல்லை. அன்றைய டெக்னிகலர் சிவப்பு, பச்சை என்ற இரண்டை மட்டும் பதிவு செய்தது. நல்ல நீலம் வராது. முகங்கள் இளஞ்சிவப்பாகவும் நிழல்கள் பச்சையாகவும் தெரியும். மெழுகுக் காட்சிசாலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்ணம் கேட்டாலும் கிடைக்காது, உயிருள்ள தோலும் மெழுகும் ஒரே சாயலில் இருக்கின்றன.

இயக்கியவர் மைக்கேல் கர்டிஸ், ஹங்கேரிக்காரர், பிறகு 'காசாபிளாங்கா' எடுத்தவர். 1921 லண்டனில் கதை தொடங்குகிறது. காப்பீட்டுப் பணத்துக்காகக் கூட்டாளி காட்சிசாலைக்குத் தீ வைக்க, சிற்பியின் கண்முன்னே பொம்மைகள் உருகி வழிகின்றன. கதை அடுத்து 1933 நியூயார்க்குக்குத் தாவுகிறது. புதிய காட்சிசாலை திறக்கப்போகிறது, பிணவறையில் உடல்கள் காணாமல் போகின்றன. டெக்னிகலருக்குத் தேவைப்பட்ட விளக்குகளின் சூட்டில் நிஜ மெழுகு பொம்மைகள் இளகிவிட்டதால், பல இடங்களில் ஆட்களையே பொம்மையாக நிற்க வைத்தார்கள். உற்றுப் பார்த்தால் சில 'பொம்மைகள்' லேசாக அசைவது தெரியும்.

படத்தைத் தூக்கி நிறுத்துபவர் கிளெண்டா ஃபாரல். பத்திரிகை நிருபர் ஃபுளோரன்ஸாக வருகிறார். ஆசிரியரை வாயடைக்க வைக்கிறார், போலீஸை முந்துகிறார், யாரும் காப்பாற்ற வரும்வரை காத்திருப்பதில்லை. 1934 நடுவில் தணிக்கை விதிகள் கடுமையாவதற்கு முந்தைய படம் என்பதால் போதைப் பழக்கம், கள்ளச்சாராயம் எல்லாம் மூடி மறைக்காமல் வருகின்றன. அலறும் பொறுப்பு ஃபே ரேயுடையது. அதே ஆண்டுதான் அவர் கிங் காங்கின் கையில் சிக்கியதும். லயனல் ஆட்வில் சிற்பியாக நடித்திருக்கிறார். ஒரு வருடம் முன்பு இதே குழு, இதே வண்ணத்தில் 'டாக்டர் எக்ஸ்' எடுத்தது. அதில் நகைச்சுவை நிருபர் கதையைத் தின்றுவிடுகிறார், அதனால் இங்கே சேர்க்கவில்லை.

இதுவும் தொலைந்ததாகக் கருதப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ தலைவர் ஜாக் வார்னரின் சொந்தச் சேகரிப்பிலிருந்து கிடைத்த பிரதியால் பிழைத்த படம். அதற்குள் 1953இல் இதன் கதையை முப்பரிமாணத்தில் 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' என்று எடுத்து, அதுவே அதிகம் புகழ்பெற்றுவிட்டது. மூலத்தின் வேகம் அதில் இல்லை என்பது என் கருத்து. பழைய வீடியோ பிரதிகளில் வண்ணம் வெளுத்துப்போய், பச்சை சாம்பலாகவும் சிவப்பு பழுப்பாகவும் இருக்கும். யு.சி.எல்.ஏ. மீட்டெடுத்த புதிய பிரதியில்தான் கர்டிஸ் நினைத்தது தெரிகிறது.

குறை என்று பார்த்தால், இங்கே 'வீடு' இல்லை. நகரம் முழுக்க ஓடுகிறது கதை. விறுவிறுப்பு கிடைக்கிறது, ஆனால் பூட்டிய இடத்தில் மாட்டிக்கொண்ட மூச்சுமுட்டல் கிடைப்பதில்லை.

சரி, எதை எடுப்பது?

நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஓல்ட் டார்க் ஹவுஸ் 72 நிமிடம், வாக்ஸ் மியூசியமும் 80 நிமிடத்தைத் தாண்டாது, மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். யோசிக்க வேண்டியது மொழியையும் கூட்டத்தையும் பற்றித்தான்.

இங்கேதான் மௌனப் படத்தின் பக்கம் தராசு சாய்கிறது. பேசும் படங்கள் மூன்றிலும் பழைய ஒலியில் வேகமான ஆங்கிலத்தைத் துரத்த வேண்டும், அல்லது வசன வரிகளில் கண்ணை வைத்துக்கொண்டு படத்தைத் தவறவிட வேண்டும். கேட் அண்ட் தி கேனரியில் எழுத்து அட்டைகள் சின்னச் சின்ன வாக்கியங்கள், எளிய ஆங்கிலம், நிதானமாக நிற்கும். வீட்டில் யாராவது ஒருவர் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனால், பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து பார்க்கலாம். யார் யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்று நடுநடுவே பேசினாலும் எந்த வசனமும் தவறிப்போகாது. மௌனப் படங்களைக் கூட்டமாகப் பார்ப்பதில் இருக்கும் இந்தச் சுதந்திரத்தைப் பலர் அனுபவித்ததே இல்லை.

முன்பு தள்ளிவைத்த காரணம் இதுதான். ஜேம்ஸ் வேல் தன் படத்தை எடுக்கும்போது, உயில், ரகசியக் கதவு, நகமுள்ள கை எல்லாம் பார்வையாளர்களுக்கு அத்துப்படி. அவர்கள் அதையெல்லாம் எதிர்பார்த்து வருவார்கள் என்று தெரிந்தே, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த வீட்டில் குடும்பத்தை மட்டும் மிச்சம் வைத்தார். கேட் அண்ட் தி கேனரியைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் அவர் எதை எடுத்துவிட்டார் என்பது தெரியாது. ஏதோ ஒரு விசித்திரமான படம் என்ற அளவில் நின்றுவிடும். பார்த்துவிட்டு வந்தால், கதவு திறந்து கார்லாஃப் முகம் தெரியும் நொடியிலிருந்தே ஒவ்வொரு அடியும் புரியும்.

ஆகவே என் முடிவு: முதலில் தி கேட் அண்ட் தி கேனரி, அதே வாரத்தில் தி ஓல்ட் டார்க் ஹவுஸ். தனியாக, இரவில், வசன வரிகளோடு பார்ப்பவர்களுக்கு இரண்டாவது படம் பல ஆண்டுகள் கூடவே வரும். மௌனப் படத்தில் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது என்று உறுதியாகச் சொல்பவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். அவர்கள் நேராக வாக்ஸ் மியூசியத்துக்குப் போகட்டும், ஃபுளோரன்ஸ் மற்றதைப் பார்த்துக்கொள்வாள். மௌனப் படத்தைப் பார்த்துவிட்டு அதற்கு வருபவர்களுக்கு ஒரு சின்னப் பரிசும் இருக்கிறது. ஆர்தர் எட்மண்ட் கேரூ என்ற ஒல்லி நடிகர், உயில் கேட்க வந்த உறவினர்களில் ஒருவராக முதல் படத்திலும், போதைக்கு அடிமையான ஆளாக இதிலும் வருகிறார்.

பிரதி விஷயத்தில் மட்டும் கவனம். கேட் அண்ட் தி கேனரிக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை என்பதால் இணையத்தில் ஏராளமான பிரதிகள் கிடக்கின்றன, பாதிக்கு மேல் மோசம். ஆட்கள் பொம்மைபோல விறுவிறுவென்று ஓடினால் வேகம் தவறாக மாற்றப்பட்ட பிரதி என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுங்கள். காட்சிக்குச் சம்பந்தமில்லாத ஏதோ பியானோ இசை ஓடிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். இரவுக் காட்சிகள் நீலச் சாயலிலும் விளக்கு வெளிச்சம் மஞ்சள் சாயலிலும் இருக்கும் மீட்டெடுத்த பிரதியைத் தேடுங்கள், அன்றைய தியேட்டர்களில் மக்கள் பார்த்ததும் இப்படிச் சாயமேற்றிய பிரதிகளைத்தான். தேட நேரம் இல்லாவிட்டால், படத்தைத் தொடங்கி ஒட்டடை துடைக்கும் கையை மட்டும் பாருங்கள். அதன் விரல்கள் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியாத பிரதியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.